ஒற்றையும் இரட்டையும்

(வால்பாறையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் நம் வரலாற்றைப் பற்றியும் உரிமைகளைப் பற்றியும் பேசினார்கள். எனக்கு மட்டும் கணக்கைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் கட்டளையிட்டார். 'கணக்கு' என்ற சொல்லைத் தலைவர் அறிவித்தவுடனே பின் வரிசையில் இரண்டு தம்பிகள் எழுந்ததை நான் பார்த்தேன். இரண்டு பேர் எழுந்தால் அது இரட்டை. அவர்களுள் ஒருவர் மனம் மாறி அமர்ந்துவிட்டார், மற்றவர் போய்விட்டார். போனவர் ஒற்றை. ஆகவே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நான் வாய் திறப்பதற்கு முன்பே இவ்வரங்கில் தொடங்கிவிட்டது.

ஒற்றை எண், இரட்டை எண் என்பது தொடக்கப் பள்ளியின் பாடம். இதை வெள்ளி விழா மேடையில் பேசவேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். இந்தச் சிறு பாடத்துக்குள் ஒரு பெரிய கருவி இருக்கிறது என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி. பிறர் நம் முன் நீட்டும் கணக்கைப் பார்த்து, "இது சரியாக இருக்க முடியாது" என்று காரணத்தோடு சொல்ல உதவும் கருவி அது. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. காகிதமும் எழுதுகோலும்கூடப் பல வேளைகளில் வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த விளையாட்டு ஒன்று உண்டு. புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு, "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்பார்கள். எதிரில் இருப்பவர் ஒன்றைச் சொல்வார். கையைத் திறந்து, கொட்டைகளை இரண்டிரண்டாகப் பிரித்து வைப்பார்கள். எல்லாக் கொட்டைகளும் சோடி சேர்ந்துவிட்டால் இரட்டை; ஒன்று துணையின்றி நின்றால் ஒற்றை. கணித நூல்கள் கூறும் இலக்கணமும் இதுவே. இரண்டால் மீதியின்றி வகுபடும் முழு எண் இரட்டை எண். இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி நிற்கும் முழு எண் ஒற்றை எண். எந்த முழு எண்ணும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும். இரண்டுமாக இருக்கும் எண் இல்லை. இரண்டிலும் சேராத எண்ணும் இல்லை.

இங்கே பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: பூச்சியம் எந்த வகை? வெறுங்கையைத் திறந்து காட்டுங்கள். துணையின்றி நிற்கும் கொட்டை ஏதேனும் உண்டா? இல்லை. ஆகவே பூச்சியம் இரட்டை எண். 2016-ஆம் ஆண்டு சனவரித் திங்களின் முதல் பதினைந்து நாட்களில், காற்று மாசைக் குறைக்கும்பொருட்டு, தில்லி அரசு கார்களுக்கு ஒற்றை இரட்டை முறையைக் கொண்டுவந்தது. ஒற்றைத் தேதிகளில் ஒற்றை எண்ணில் முடியும் கார்களும், இரட்டைத் தேதிகளில் இரட்டை எண்ணில் முடியும் கார்களும் ஓடலாம் என்பது விதி. பூச்சியத்தில் முடியும் கார்கள் இரட்டைத் தேதிகளிலேயே ஓடின. குறை எண்களுக்கும் இதுவே முறை. நான்கு ரூபாய் கடன் என்பதைக் குறை நான்கு என்று எழுதினால் அது இரட்டை. ஏழு ரூபாய் கடன் என்பது குறை ஏழு, அது ஒற்றை. கையிருப்பு ஆனாலும் கடன் ஆனாலும், சோடி சேர்வதும் சேராததும் ஒன்றே.

பெரிய எண்ணாக இருந்தால் எப்படி அறிவது? 7,35,846 என்ற எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்து, "ஆறு, ஆகவே இரட்டை" என்று சொல்லிவிடுகிறோம். இப்படிச் சொல்லலாம் என்று பள்ளியில் கற்றோம். ஏன் சொல்லலாம் என்று எத்தனை பேர் கேட்டோம்? பத்து என்பது இரட்டை எண். ஆகவே பத்துகள் எத்தனை இருந்தாலும், நூறுகள் எத்தனை இருந்தாலும், அவை யாவும் சோடி சேர்ந்துவிடும். சோடி சேருமா சேராதா என்ற ஐயம் ஒன்றாம் இடத்தில் மட்டுமே மிஞ்சுகிறது. "ஏன்" என்ற இந்த ஒரு சொல்லில்தான் மனப்பாடத்துக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இனிக் கூட்டலுக்கு வருவோம். இரட்டையும் இரட்டையும் கூடினால் இரட்டை. இருவர் கையிலும் சோடிகளே இருக்கும்போது, சேர்த்து வைத்தாலும் சோடிகளே இருக்கும். இரட்டையும் ஒற்றையும் கூடினால் ஒற்றை. ஒருவர் கையில் தனித்து நிற்கும் கொட்டைக்கு மற்றவர் கையில் துணை இல்லை. ஒற்றையும் ஒற்றையும் கூடினால் இரட்டை. இருவர் கையிலும் தனித்து நின்ற இரண்டும் ஒன்றோடொன்று சோடி சேர்ந்துவிடுகின்றன. கழித்தலுக்கும் இவையே விதிகள்.

இவற்றிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. பல எண்களைக் கூட்டும்போது இரட்டை எண்களைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஒற்றை எண்கள் எத்தனை என்று மட்டும் எண்ணினால் போதும். ஒற்றை எண்களின் எண்ணிக்கை இரட்டையானால் கூட்டுத்தொகை இரட்டை. ஒற்றையானால் கூட்டுத்தொகை ஒற்றை.

தம்பிமார்களுக்கு ஒரு பந்தயம் வைக்கிறேன். ஐந்து ஒற்றை எண்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கூட்டி 20 என்ற விடையைக் கொண்டு வாருங்கள். ஒரே எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 1, 3, 5, 7, 9 என்று தொடங்குவீர்கள், 25 வரும். ஒன்றை மாற்றுவீர்கள், 19 வரும், 21 வரும். இரவு முழுவதும் முயன்றாலும் 20 வாராது. ஐந்து ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை ஒற்றையாகவே இருக்கும்; 20 இரட்டை. இங்கு நாம் முயன்று தோற்றுப்போகவில்லை. இது முடியாது என்பதை அறிந்து கொண்டோம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கோடி முறை முயன்றாலும் உறுதியாகாத ஒன்றை, இரண்டு வரிக் காரணம் உறுதி செய்துவிடுகிறது. இதற்கே கணிதத்தில் மெய்ப்பிப்பு என்று பெயர். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் எழுதிய நூலின் ஒன்பதாம் பகுதியில், ஒற்றை இரட்டை எண்களைப் பற்றிய இவ்விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெய்ப்பிக்கப்பட்டுள்ளன. புளியங்கொட்டையில் நம் பிள்ளைகள் காண்பதும் யூக்ளிட் கண்டதும் ஒரே உண்மைதான்.

இவ்வுண்மையை நான் யூக்ளிடிடமிருந்து கற்கவில்லை. என் பாட்டியாரிடமிருந்து கற்றேன். அவர் எழுத்தறியாதவர். இம்மலையின் ஒரு தோட்டத்தில் லைன் வீட்டில் வாழ்ந்தவர். ரூபாய்க்குப் பதினாறணா என்ற கணக்கு நடந்த காலம் அது. புதிய காசு வந்ததோ 1957-இல். ஆணுக்கு நாள் கூலி ஆறணா, பெண்ணுக்கு நாலணா. பாட்டனாரும் பாட்டியாரும் வேலைக்குப் போன நாட்களைப் பாட்டியார் இரண்டு சிறு பானைகளில் புளியங்கொட்டை போட்டு எண்ணி வைப்பாராம். ஒரு மாதம் பாட்டனாருக்கு 22 நாள், பாட்டியாருக்கு 20 நாள். சம்பள நாளன்று, பற்றெல்லாம் போகப் பாக்கி இரண்டு ரூபாய் ஐந்தணா என்று கணக்கப்பிள்ளை படித்தார். பாட்டியார் நகரவில்லை.

"ஐயா, கூலியும் இரட்டை, பற்றும் இரட்டை. பாக்கி மட்டும் எப்படிங்கய்யா ஒற்றையாகும்?" என்று கேட்டாராம்.

அவர் கேட்டதன் பொருளைப் பாருங்கள். ஆறும் நான்கும் இரட்டை. ஆகவே எத்தனை நாள் வேலை செய்திருந்தாலும் கூலி இரட்டைத் தொகையாகவே வரும். அந்த மாதம் வாங்கிய பற்றுகளைப் பாட்டியார் மனத்தில் வைத்திருந்தார்: அரிசி ஆறு ரூபாய், கம்பளி இரண்டு ரூபாய், முன்பணத்தில் பிடித்தம் இரண்டரை ரூபாய். அணாவாக்கினால் 96, 32, 40. எல்லாம் இரட்டை. இரட்டையிலிருந்து இரட்டையைக் கழித்தால் இரட்டைதான் மிஞ்சும். ரூபாய்க்குரிய பதினாறணாவும் இரட்டை என்பதால், ரூபாய் எத்தனை என்று பார்க்கவே வேண்டாம்; கடைசியில் வரும் அணாவைப் பார்த்தால் போதும். ஐந்தணா ஒற்றை. எங்கோ தவறு இருக்கிறது.

"அரைநாள் ஏதாவது இருக்கும், போ" என்றார் கணக்கப்பிள்ளை. அதுவும் நியாயமான விடையே. ஆண் ஆளின் அரைநாள் கூலி மூன்றணா, அது ஒற்றை. பாட்டியார் அதையும் அறிந்திருந்தார். "எந்த நாள் அரைநாள் என்று பார்த்துச் சொல்லுங்கய்யா" என்றாராம். செக்ரோலைப் புரட்டினார்கள். அரைநாள் எதுவும் இல்லை. வேறொரு குடும்பத்தின் ஏழணாப் பற்று இவர்கள் பெயரில் ஏறியிருந்தது தெரியவந்தது. 22 நாளுக்கு 132 அணா, 20 நாளுக்கு 80 அணா, ஆகக் கூலி 212. பற்று 168. பாக்கி 44 அணா, அதாவது இரண்டு ரூபாய் பன்னிரண்டணா. பாட்டியார் ஏழணாவை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார்.

ஏழணா என்பது அன்று ஓர் ஆண் ஆளின் ஒரு நாள் கூலிக்கும் மேலான தொகை. ஆனால் பாட்டியார் அக்கதையைச் சொல்லும்போது ஏழணாவைப் பெரிதாகச் சொன்னதில்லை. "என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை, புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள்" என்றே சொல்வார். காரணத்தோடு கேட்ட கேள்விக்குப் புத்தகம் திறந்தது. அந்த இடத்தில் கூலிக்காரியின் கணக்கும் கணக்கப்பிள்ளையின் கணக்கும் ஒரே நீதிக்கு உட்பட்டு நின்றன. இரண்டும் இரண்டும் நான்கு என்பதில் துரைக்கு ஒரு விடை, தொழிலாளிக்கு ஒரு விடை இல்லை.

இம்மலையில் எல்லார்க்கும் புத்தகம் இப்படித் திறந்துவிடவில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய டாக்டர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் தந்துள்ளார். அதைப் படித்தவர்களுக்குத் தெரியும்: முன்பணம் வாங்கி மலையேறிய குடும்பம் ஆண்டு முழுதும் உழைத்தபின்னும் கடனிலேயே நிற்கிறது. கங்காணியின் பிரம்பு ஒரு தளை என்றால், புரியாத கணக்கு மற்றொரு தளை. பிரம்பின் தழும்பு கண்ணுக்குத் தெரியும். கணக்கின் தழும்பு தெரியாது.

இப்போது ஓர் எச்சரிக்கை. ஒற்றை இரட்டைச் சோதனை தவற்றைக் காட்டும். சரியை உறுதி செய்யாது. பாட்டியாரின் கணக்கில் ஏழணாவுக்குப் பதிலாக எட்டணா தவறாக ஏறியிருந்தால், பாக்கி இரண்டு ரூபாய் நாலணா என்று வந்திருக்கும். நான்கு இரட்டை, சோதனை வாய் திறந்திராது. பாட்டியாரும் ஏமாந்து திரும்பியிருப்பார். ஆகவே "சோதனையில் தேறியது, கணக்குச் சரி" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "இச்சோதனையில் தவறு அகப்படவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். முழுக்கணக்கையும் போட்டுப் பார்ப்பதற்கு எதுவும் ஈடாகாது. ஒன்பது நீக்கிச் சோதிக்கும் முறை என்று இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்றும் உண்டு. அதை ஆசிரியர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். தன் கருவி எதுவரை செல்லும் என்று அறிந்தவனே அதை நன்றாகப் பயன்படுத்துவான்.

அடுத்துப் பெருக்கல். தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக நிற்பதை எண்ணிப் பாருங்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு செடி. வரிசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒரு வரிசை மிஞ்சும். அவ்வரிசையின் ஏழு செடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒரு செடி மிஞ்சும். ஆகவே ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றையே வரும். வரிசைகளின் எண்ணிக்கையோ ஒரு வரிசையிலுள்ள செடிகளின் எண்ணிக்கையோ இரட்டையாக இருந்துவிட்டால், எல்லாம் சோடி சேர்ந்துவிடும். பெருக்கலில் ஓர் எண் இரட்டையானாலே விடை இரட்டை.

வாய்பாடு மறந்து போனவர்களுக்கு ஒரு பெருக்கல் முறை சொல்கிறேன். பாதியாக்கவும் இரட்டிப்பாக்கவும் தெரிந்தால் போதும். 23-ஐ 17-ஆல் பெருக்கவேண்டும் என்று கொள்வோம். இடப்பக்கம் 23-ஐ எழுதிப் பாதியாக்கிக்கொண்டே வாருங்கள். மீதியை விட்டுவிடுங்கள்: 23, 11, 5, 2, 1. வலப்பக்கம் 17-ஐ இரட்டிப்பாக்கிக்கொண்டே வாருங்கள்: 17, 34, 68, 136, 272. இடப்பக்கம் இரட்டை எண் உள்ள வரியை அடித்துவிடுங்கள். 2-க்கு நேரே உள்ள 136 போய்விட்டது. எஞ்சிய 17, 34, 68, 272 ஆகியவற்றைக் கூட்டுங்கள். 391. அதுவே விடை.

இது ஏன் சரியாகிறது? இடப்பக்கம் ஒற்றை எண் வரும்போதெல்லாம், பாதியாக்குகையில் ஒன்றை விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டதற்குரிய பங்கைத்தான் வலப்பக்கத்திலிருந்து எடுத்துக் கூட்டுகிறோம். இரட்டை எண் வரும்போது எதையும் விடவில்லை. ஆகவே எடுக்கவும் வேண்டியதில்லை. 23 என்பது 16, 4, 2, 1 ஆகியவற்றின் கூட்டு. 17-இன் 16 மடங்கு, 4 மடங்கு, 2 மடங்கு, 1 மடங்கு ஆகியவை சேர்ந்தால் 23 மடங்கு ஆகிவிடுகிறது. இரட்டிப்பாக்கிப் பெருக்கும் வழக்கம் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய எகிப்து நாட்டு ஏடுகளிலேயே காணப்படுகிறது.

இன்றைய கணிப்பொறியும் கைப்பேசியும் எண்களை ஒன்று, பூச்சியம் என்ற இரு குறிகளாலேயே எழுதுகின்றன. ஒற்றையா இரட்டையா என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கிடைக்கும் விடைகளே அக்குறிகள். செய்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும்போது வழியில் ஒரு குறி மாறிப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கென ஒரு பழைய முறை உண்டு. செய்தியிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாக இருக்கும்படி, கடைசியில் ஒரு குறியைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்புவார்கள். வந்து சேரும்போது எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால், வழியில் பிழை நேர்ந்துவிட்டது என்று பொறி அறிந்துகொள்ளும். இரண்டு குறிகள் மாறிப்போனால் அதுவும் ஏமாந்துபோகும். "பாக்கி எப்படிங்கய்யா ஒற்றையாகும்?" என்று என் பாட்டியார் கேட்ட கேள்வியைத்தான் பொறியும் கேட்கிறது. அவருக்கிருந்த எல்லையே அதற்கும் இருக்கிறது.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. ஆழியாற்றிலிருந்து இவ்வூருக்கு ஏறிவரும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பேருந்தில் வரும்போது, ஒரே மலைச்சரிவில் சாலை முன்னும் பின்னுமாக ஏறுகின்ற பகுதியைக் கவனியுங்கள். மலை இடப்புறம் இருந்தால், ஒரு வளைவு திரும்பியதும் அது வலப்புறம் வந்துவிடும். அடுத்த வளைவில் மீண்டும் இடப்புறம். அப்படிப்பட்ட சரிவில் திரும்பிய வளைவுகள் இரட்டையானால் மலை தொடங்கிய பக்கத்திலேயே இருக்கும். ஒற்றையானால் எதிர்ப்பக்கம் இருக்கும். குறை எண்களின் பெருக்கலில் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுவே. ஒவ்வொரு குறைக் குறியும் ஒரு கொண்டை ஊசி வளைவு. பெருக்கும் எண்களுள் குறை எண்கள் இரட்டையாக இருந்தால் விடை மிகை. ஒற்றையாக இருந்தால் விடை குறை. குறை ஒன்றை 40 முறை பெருக்கினால் விடை மிகை ஒன்று. அடுத்த முறை பொள்ளாச்சிக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைக் குமட்டுவதும் சற்றுக் குறையும்.

அன்பார்ந்த இளைஞர்களே, "கணக்கு நமக்கு வராது" என்று உங்களுள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அச்சொல் உங்களுடைய சொல் அன்று. வேறு எவரோ உங்கள் வாயில் வைத்த சொல். எண்சுவடி கற்பித்த திண்ணைப் பள்ளிகளின் திண்ணையில் ஏற நம் முன்னோர்களை விடவில்லை. அண்ணல் அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது, ஆசிரியர் கணக்கொன்றைப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். கரும்பலகைக்குப் பின்னால் மற்ற மாணவர்களின் சோற்றுப் பாத்திரங்கள் இருந்தன. அவர் பலகையை அடைவதற்குள் பாத்திரங்களை அள்ளி அப்புறப்படுத்தினார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அந்த மாணவர்தாம் 1923-இல் இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதி, இலண்டனில் பொருளியல் அறிஞராகப் பட்டம் பெற்றார். பாத்திரங்களை அள்ளிக்கொண்டு ஓடியவர்களால் கணக்கைக் கரும்பலகையிலிருந்து அள்ளிக்கொண்டு ஓட முடியவில்லை.

நமக்கு இன்னும் அருகில் ஒருவர் இருக்கிறார். பெயரிலேயே இரட்டையைக் கொண்ட தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில்தான் படித்தார். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே இருந்து படித்துவிட்டு, மணி அடித்தபின் வகுப்புக்குள் போனதாக அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். படிப்பு முடிந்தபின் நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றினார். பின்னர் 1893-இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார். கணக்கெழுதிய அதே கை, உரிமை மனுக்களையும் எழுதிற்று.

சட்டமும் நமக்கு ஒரு வாயிலைத் திறந்தது. வேலை செய்வோரின் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், தோட்டத்தார் கல்வி வசதி செய்துதரவேண்டும் என மாநில அரசு விதி வகுப்பதற்கு 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இடமளித்தது. அவ்வாயில் வழியே வந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். வாயில் திறந்தபின் உள்ளே வந்து பின்வரிசையிலேயே அமர்ந்திருப்பது நமக்கு அழகன்று.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது மூன்று. மூன்று ஒற்றை எண் ஆயிற்றே, ஆகாதே என்று எவரும் அஞ்ச வேண்டாம். திருமண வீட்டில் நூறு எழுதாமல் நூற்றொன்று எழுதுகிறோம். அது நம் வழக்கம், அன்பின் அடையாளம், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒற்றை எண்ணில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எண்களுக்குச் சகுனம் இல்லை. எண்களுக்குச் சாதியும் இல்லை.

முதலாவது: தேர்வு எழுதச் செல்வோர், விடையைக் குறிக்குமுன் ஒற்றை இரட்டை பாருங்கள். 347, 589, 212, 75 ஆகியவற்றைக் கூட்டச் சொல்லி, 1222, 1223, 1224, 1226 என நான்கு விடைகள் கொடுத்திருந்தால், ஒற்றை எண்கள் மூன்று. ஆகவே விடை ஒற்றை. நான்கினுள் 1223 ஒன்றே ஒற்றை. ஆனால் இதையே நம்பிக் கூட்டக் கற்காமல் இருந்துவிடாதீர்கள். எல்லா வினாத்தாளும் இவ்வளவு இரக்கம் காட்டாது.

இரண்டாவது: உங்கள் தாய் தந்தையரின் சம்பளச் சீட்டை மாதந்தோறும் வாங்கிப் படித்துக் காட்டுங்கள். ரூபாயில் பின்னம் வந்தால் அனைத்தையும் பைசாவாக்கிக்கொள்ளுங்கள்; முழு எண்ணாகிவிடும். முதலில் ஒற்றை இரட்டை பாருங்கள். பிறகு முழுதும் கூட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் சினந்து பேச வேண்டாம். எந்த வரியில் தவறு என்று காட்டிக் கேளுங்கள். தவறு நமக்குச் சாதகமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். கணக்கின் நீதி இரு பக்கமும் வெட்டும் கத்தி.

மூன்றாவது: நம் சங்கத்தின் மாலை வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போது, விதியை மட்டும் சொல்லாமல் "ஏன்" என்பதையும் சொல்லிக் கொடுங்கள். புளியங்கொட்டையை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அவர்களே சோடி சேர்த்து, அவர்களே கண்டு சொல்லட்டும். தானே கண்டறிந்த உண்மையை ஒரு பிள்ளையிடமிருந்து எவராலும் பறிக்க முடியாது.

ஐந்து ஒற்றை எண்கள் கூடி 20 ஆகாது என்று சொன்னபோது அதற்கு நாம் காரணம் காட்டினோம். உங்களுக்குக் கணக்கு வராது, படிப்பு ஏறாது, இந்த மலையை விட்டு மேலே போக முடியாது என்று சொன்னவர்கள் எவரும் இதுநாள்வரை ஒரு காரணமும் காட்டியதில்லை. காரணம் காட்டாத "முடியாது" என்பதை ஏற்றுக்கொள்ளும் கடமை உங்களுக்கு இல்லை. அப்படி எவரேனும் சொன்னால், என் பாட்டியாரைப்போல் நகராமல் நின்று, புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.

எழுந்து வெளியே போன அந்தத் தம்பி திரும்பி வந்து அமர்ந்திருப்பதை இப்போது காண்கிறேன். சோடி சேர்ந்துவிட்டது. மகிழ்ச்சி.